சிசிலி வில்லியம்ஸும் சவலைக் குழந்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிசிலி வில்லியம்ஸ் யார்?

பள்ளி அறிவியல் பாடத்தில் 'புரதக் குறைபாடு: குவாஷியோர்கர்' என்று மனப்பாடம் செய்து, ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையெழுதி, பிறகு மறந்துபோனவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தச் சொல்லை மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நகரமொன்றின் தாய்மாரிடம் கேட்டறிந்து மருத்துவ ஏட்டில் ஏற்றிய குழந்தை மருத்துவர்தான் சிசிலி டெல்ஃபீன் வில்லியம்ஸ். 1893-இல் ஜமைக்காவில் பிறந்தார். 1992-இல் ஆக்ஸ்போர்டில், 98-ஆம் வயதில் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் இன்றைய கானாவிலும் மலாயாவிலும் பணிபுரிந்து, ஜப்பானியர் சிறையில் அடைபட்டு மீண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்திருப்பது அந்தக் கடற்கரை நகரமான அக்ராவில் அவர் கழித்த ஏழாண்டுகளுக்கும் குறைவான காலத்தால்தான். ஆகவே இந்தப் பக்கத்திலும் அந்த ஆண்டுகளுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

அவர் மருத்துவப் படிப்புக்கு எப்படி வந்தார்?

நேர்வழியில் வரவில்லை. ஜமைக்காவில் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த அவர், 13 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 19 வயதில் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தும், புயலாலும் நிலநடுக்கத்தாலும் நொடித்திருந்த பெற்றோருக்குத் துணையாக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. தந்தை இறந்த பிறகு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதுதான் மறுபடியும் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். ஆண் மாணவர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் மருத்துவ வகுப்புகளில் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடந்தான் அவருக்கு வாய்த்த வழி. 1923-இல் மருத்துவராகத் தகுதி பெற்றார். போர் முடிந்து ஆண் மருத்துவர்கள் திரும்பிவிட்டதால் பெண்களுக்கு வேலை கிடைப்பது அரிதாகியிருந்த காலம் அது. லண்டனின் ஏழைப் பகுதியான ஹாக்னியில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் பணியாற்றியபோதுதான், குழந்தை வாழும் வீட்டை அறியாமல் அதன் நோயைக் குணப்படுத்த முடியாது என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. பின்னர் லண்டனில் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்று, காலனிய மருத்துவப் பணிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, 1929-இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு நியமனம் பெற்றார்.

கோல்ட் கோஸ்ட் என்பது எந்த நாடு? அங்கே அவருக்கு என்ன பதவி?

இன்றைய கானாவின் காலனியக் காலப் பெயர் அது. 1957-இல் விடுதலை பெற்றபோது கானா ஆயிற்று. வில்லியம்ஸுக்குக் கிடைத்த பதவியின் பெயர் 'பெண் மருத்துவ அலுவலர்'. 'பெண்' என்ற அடைமொழி வெறும் அலங்காரமன்று. அதே படிப்பும் அதே பொறுப்பும் கொண்ட ஆண் மருத்துவர்களைவிடக் குறைந்த ஊதியம் என்பதே அதன் பொருள், இது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நோயுற்ற கைக்குழந்தைகளைக் கவனிப்பதும் தாய்மாருக்கு அறிவுரை சொல்வதும் அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. குழந்தையையும் தாயையும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, 'முக்கியமான' வெப்பமண்டல நோய்களை ஆண்கள் வைத்துக்கொண்ட பணிப்பிரிவினை அது. விந்தை என்னவென்றால், அந்த நாட்டின் பெரிய நோயொன்று அவர்கள் விட்டுக்கொடுத்த பக்கத்தில்தான் ஒளிந்திருந்தது.

அங்கே பணிபுரிந்த முதல் பெண் மருத்துவர் அவர்தானா?

அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. 'முன்னோடி' என்றதும் 'முதல் பெண்' என்று எழுதிவிடுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அவர் முன்னோடியானது வரிசையில் முதலில் நின்றதால் அன்று, பார்த்த விதத்தால்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது இரண்டு ஆப்பிரிக்கப் பெண்களை விட்டுவிடக் கூடாது. அக்னஸ் யெவாண்டே சாவேஜ், எடின்பரோவில் 1929-இல் பட்டம் பெற்று, மேற்கு ஆப்பிரிக்க வழிவந்த பெண்களில் முதல் மருத்துவரானார். அவரும் கோல்ட் கோஸ்ட்டில்தான் பணியில் சேர்ந்தார். தகுதியில் எவருக்கும் குறையாதவராக இருந்தும், பெண் என்பதோடு கறுப்பினத்தவர் என்பதும் சேர்ந்துகொள்ள, அவருக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது; சில காலம் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் இருந்துவிட்டு, பின்னர் கோர்லே பூ மருத்துவமனைக்கு வந்தார். அடுத்தவர் சூசன் ஒஃபோரி-அட்டா. மருத்துவச்சியாகப் பணியைத் தொடங்கி, 1947-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று, கோல்ட் கோஸ்ட்டைச் சேர்ந்த பெண்களில் முதல் மருத்துவரானார். வில்லியம்ஸ் பணிபுரிந்த அதே குழந்தைகள் மருத்துவமனையில் பின்னாளில் அவர் பணியாற்றியபோது, மக்கள் அவரை 'ம்மோஃப்ரா டாக்டர்' என்று அழைத்தார்கள். 'பிள்ளைகளின் டாக்டர்' என்று பொருள். வில்லியம்ஸ் பட்ட இடர்கள் உண்மையானவைதாம். ஆனால் அவருடைய தோல் நிறம் திறந்துவிட்ட கதவுகள் சாவேஜுக்குத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அக்ராவில் அவர் பார்த்த நோய் எப்படியிருந்தது?

அவர் பொறுப்பேற்ற பிரின்சஸ் மேரி லூயிஸ் மருத்துவமனை 1926-இல் பழைய அக்ராவில் திறக்கப்பட்டது. அங்கே வந்த குழந்தைகளில் ஒரு சாராரிடம் அவர் ஓர் ஒழுங்கைக் கண்டார். அவர்கள் பச்சிளங்குழந்தைகள் அல்லர். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்டவர்கள். முலைப்பால் குடித்துக்கொண்டிருந்த வரை கொழுகொழுவென்று இருந்தவர்கள்.

முதலில் குழந்தை சிணுங்கத் தொடங்கும்; யார் தூக்கினாலும் அழும், பிறகு அழுவதற்கும் விருப்பமற்றுச் சோர்ந்து கிடக்கும். பாதமும் கையும் வீங்கும். புறங்காலில் கட்டைவிரலை வைத்துச் சில நொடிகள் அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி அப்படியே நிற்கும். வயிறு உப்பியிருக்கும், கழிச்சல் விடாது. முடி நிறம் வெளுத்துச் செம்பட்டையாகி, பிடித்தால் கையோடு வரும். தோலில் கருந்திட்டுகள் தோன்றி, பழைய சுவரின் வண்ணப்பூச்சு பெயர்வதுபோல் உரியும், அடியில் சிவந்த புண் தெரியும். வாயோரமும் வெடித்திருக்கும். முகம் வீங்கியிருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை நன்றாகத் தேறியிருப்பதாகக்கூடத் தோன்றும். இந்த நோயின் வஞ்சகமே அதுதான். சிகிச்சை இல்லையென்றால் சில வாரங்களில் மரணம்.

இறந்த குழந்தைகளின் உடல்களை வில்லியம்ஸ் தாமே கூறாய்வு செய்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் புழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில், கையில் ஒரு சிறு கீறல் பட்டாலும் உயிருக்கே ஆபத்து. கல்லீரல் கொழுப்பேறிக் கிடந்தது. அன்றைய மருத்துவ நூல்களில் இருந்த எந்த நோயோடும் இந்தத் தோற்றம் பொருந்தி வரவில்லை.

'குவாஷியோர்கர்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நூல்களில் விடை இல்லாதபோது வில்லியம்ஸ் செய்த காரியம் மிக எளியது. ஆனால் அவருடைய சக மருத்துவர்கள் எவருக்கும் அது தோன்றவில்லை. 'இந்த நோய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?' என்று தாய்மாரிடம் கேட்டார். அக்ரா கா மக்களின் ஊர். அவர்களுடைய கா மொழியில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் பறிபோன முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்று அதன் பொருளை வில்லியம்ஸ் பதிவு செய்தார். சொல்லின் வேரைப் பற்றி வேறு விளக்கங்களும் உண்டு; செம்பட்டையான முடியையும் தோலையும் கொண்டு 'சிவந்த பிள்ளை' என்று பொருள் கூறுவாரும் உளர். எப்படியானாலும், அந்தத் தாய்மார் விளக்கியது ஒரு வரிசையைத்தான்: தாய் மறுபடி சூலுறுகிறாள், மடியிலிருந்த குழந்தைக்குப் பால் நிறுத்தப்படுகிறது, கஞ்சி தரப்படுகிறது, அந்தக் குழந்தை வீங்குகிறது.

தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம்மிடம் 'சவலை' என்ற சொல் இருக்கிறது. தாய் அடுத்துக் கருவுற்றதால் முலைப்பால் இழந்து மெலிந்த குழந்தையைச் சவலைப் பிள்ளை என்றும், அது அப்படி நலிவதைச் சவலை பாய்தல் என்றும் நம் பாட்டிமார் சொல்வார்கள். இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல்லை இழந்து நிற்கும் வெண்பாவுக்கு யாப்பிலக்கணக்காரர்கள் 'சவலை வெண்பா' என்று பெயரிட்டதும் இந்தக் குழந்தையைக் கண்டுதான் போலும். கா மக்களின் சொல்லும் நம் சொல்லும் ஒரே நோய்க்குறியைச் சுட்டுவன என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. நம் சவலை மெலிந்த குழந்தை, அவர்களுடையது வீங்கிய குழந்தை. ஆனால் இரண்டு சொல்லும் சுட்டுகின்ற காரணம் ஒன்றே: மடியில் இடம் போனது.

அப்படியானால் குவாஷியோர்கரைக் 'கண்டுபிடித்தவர்' என்று அவரைச் சொல்வது சரியா?

இல்லை. அந்த நோயை அறிந்திருந்தவர்கள் கா தாய்மார். காரணத்தையும் பாதி சொல்லிவிட்டவர்கள் அவர்களே. வில்லியம்ஸ் அதை மருத்துவ உலகம் ஏற்கும் மொழியில் விவரித்து, வேறு நோய்களிலிருந்து பிரித்துக் காட்டினார். மெக்ஸிகோ போன்ற நாடுகளின் மருத்துவர்களும் இதையொத்த நோயை வேறு பெயர்களில் முன்பே எழுதியிருந்தார்கள். வில்லியம்ஸின் சிறப்பு, ஊர்ப் பெயரை நீக்கிவிட்டு லத்தீன் பெயரொன்றைச் சூட்டாமல், தாய்மாரின் சொல்லையே ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் வைத்ததுதான். தம் பெயரை நோய்க்கு இட்டுக்கொள்வதை மருத்துவர்கள் பெருமையாக எண்ணிய காலத்தில் அவர் இப்படி ஊர்ச் சொல்லை வைத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மக்காச்சோளத்துக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு?

1933-இல் குழந்தை நோய்களுக்கான ஆங்கில மருத்துவ இதழொன்றில் வெளியான அவருடைய முதற்கட்டுரை, 'மக்காச்சோள உணவோடு தொடர்புடைய ஒரு குழந்தைப் பருவ ஊட்டச்சத்து நோய்' என்ற பொருளில் தலைப்பிடப்பட்டது. அக்ராவில் பால் மறந்த குழந்தைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளமே. ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கஞ்சி. அதே மாவை உருட்டி, மக்காச்சோளக் கதிரின் மடலில் பொதிந்து வேகவைத்தால் கெங்கே. பெரியவர்கள் கெங்கேயை மீனோடும் மிளகாய்ச் சாந்தோடும் சாப்பிடுவார்கள். ஆகவே அவர்களுக்குக் குறைவில்லை. சின்னஞ்சிறு குழந்தைக்கு மீன் வைப்பதில்லை, வெறுங்கஞ்சியும் வெறும் கெங்கேயுமே கிடைக்கும். மக்காச்சோளத்தின் புரதத்தில் லைசின், டிரிப்டோஃபேன் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. கட்டுரையில் வில்லியம்ஸ் மிகுந்த எச்சரிக்கையோடு, ஏதோ ஓர் அமினோ அமிலத்தின் அல்லது புரதத்தின் குறையாக இருக்கலாம் என்றே எழுதினார்.

மற்ற மருத்துவர்கள் ஏன் அவரை நம்பவில்லை?

அவர் விவரிப்பது பெல்லாக்ராதான் என்று அவர்கள் சாதித்தார்கள். மக்காச்சோளத்தை முதன்மை உணவாகக் கொண்டவர்களுக்கு நியாசின் என்னும் வைட்டமின் குறைவால் வரும் நோய் பெல்லாக்ரா. அதிலும் தோல் கறுத்து உரியும், கழிச்சல் உண்டு. பெல்லாக்ரா பற்றி அன்று பெரும் அறிஞராக மதிக்கப்பட்ட ஹியூ ஸ்டானஸ், வில்லியம்ஸின் கட்டுரைக்கு மறுப்பு எழுதினார். அவர் ஆப்பிரிக்காவில் பணிபுரிந்தவர், மூத்தவர், ஆண். வில்லியம்ஸோ குழந்தைகளைப் பார்க்க அமர்த்தப்பட்ட 'பெண் மருத்துவ அலுவலர்'.

வில்லியம்ஸின் மறுமொழி 1935-இல் 'லான்செட்' இதழில் வந்தது. தலைப்பிலேயே 'குவாஷியோர்கர்' என்ற சொல் இடம்பெற்றது. பெல்லாக்ரா வெயில் படும் இடங்களில் தோலைத் தாக்கும். இது வெயில் படாத தொடையிடுக்கிலும் அழுத்தமும் உராய்வும் உள்ள இடங்களிலும் வருகிறது. வீக்கம் இங்கே முதன்மை. தாக்கப்படும் வயதும் வேறு, நோய் போகும் போக்கும் வேறு. இவ்வளவு சொல்லியும் உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் மற்றவர்கள் இதே நோயைக் கண்டு எழுதிய பிறகு, 1952-இல் ஜான் பிராக், மார்செல் ஓட்ரே ஆகிய இருவரும் ஆப்பிரிக்காவில் குவாஷியோர்கர் பற்றித் தயாரித்த அறிக்கையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டபோதுதான் ஐயம் முற்றிலும் நீங்கியது எனலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள். பெல்லாக்ராவின் காரணத்தைத் துப்புத் துலக்கிய ஜோசப் கோல்ட்பெர்கரின் பெயரால் அமைந்த அமெரிக்க விருதை 1967-இல் வில்லியம்ஸுக்கே அளித்தார்கள் என்பதைக் காலம் செய்த குறும்பு என்றுதான் கொள்ள வேண்டும்.

அவர் எப்படிச் சிகிச்சை அளித்தார்?

டின்களில் வந்த பாலும் மீன் எண்ணெயுமே அவருடைய முதன்மையான மருந்துகள். அவற்றால் பிழைத்த குழந்தைகளும் உண்டு, காலம் கடந்து வந்ததால் இறந்தவர்களும் உண்டு. ஆனால் அவர் கவனம் படுக்கையோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் விவர அட்டை ஏற்படுத்தி, எடையும் நோயும் தொடர்ந்து பதியப்படச் செய்தார். உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றுவித்தார். நோய் இல்லாத குழந்தையையும் கொண்டுவந்து காட்டும் வழக்கத்தை ஏற்படுத்த முயன்றார். வீடுகளுக்குச் சென்று, அடுப்பில் என்ன வேகிறது, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தார். உள்ளூர் வைத்தியத்தை ஏளனம் செய்யாமல் அதில் பயனுள்ளதும் இருக்கக்கூடும் என்று ஏற்ற மிகச் சில காலனிய மருத்துவர்களில் அவர் ஒருவர்.

நோய் தீர்க்கும் மருத்துவம் ஓரிடம், நோய் தடுக்கும் மருத்துவம் ஓரிடம் என்று அரசு பிரித்து வைத்திருந்ததை அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். காய்ச்சலோடு வந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே தாயிடம் உணவைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டு அலுவலகங்கள் எதற்கு என்பது அவருடைய வாதம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே கூரையின்கீழ் தடுப்பூசியும் மாத்திரையும் தரப்படுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதுமை தெரியாது. 1930-களில் இது மேலதிகாரிகளைச் சினமூட்டப் போதுமானதாக இருந்தது.

அவர் ஏன் ஆப்பிரிக்காவை விட்டுப் போக நேர்ந்தது?

மேலதிகாரியோடு முரண்பட்டதால் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். பதவி உயர்வோடு சென்ற மாற்றம் அன்று, தண்டனையாகச் செய்யப்பட்ட மாற்றம். தம் காலனியில் குழந்தைகள் சத்துக்குறைவால் மடிகிறார்கள் என்பதை எந்த ஆட்சியும் விரும்பிக் கேட்காது. அதிலும் அன்றைய கோல்ட் கோஸ்ட் உலகிலேயே மிக அதிகமாகக் கோக்கோவை ஏற்றுமதி செய்த செழிப்பான காலனி என்று பெயர் பெற்றிருந்தது.

'பாலும் கொலையும்' என்ற பேச்சு எதைப் பற்றியது?

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவர் கண்டது வேறு வகைச் சாவு. அக்ராவில் இரண்டு வயதில் மடி இழந்தார்கள். இங்கே பிறந்த சில வாரங்களிலேயே இழந்தார்கள். கொழுப்பு நீக்கிச் சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்தார்கள். செவிலியர்போல் உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று அதைப் பரிந்துரைத்தார்கள். கொழுப்போடு வைட்டமின் ஏ-யும் போய்விட்ட அந்தப் பாலை, தூய்மையற்ற தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊட்டியதன் விளைவு, கழிச்சலும் கண்பார்வை இழப்பும் மரணமும்.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்டபோது வில்லியம்ஸ் தம் உரைக்கு வைத்த தலைப்பு, 'பாலும் கொலையும்'. குழந்தை உணவைப் பற்றிய தவறான பிரசாரத்தை அரசுக்கெதிரான குற்றம்போல் தண்டிக்க வேண்டும் என்றும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றும் வணிகப் பெருமக்கள் நிறைந்த அந்த அவையில் சொன்னார். டின் பாலையே மருந்தாகக் கொடுத்தவர் டின் பாலை எதிர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முரண் எதுவுமில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு மருத்துவமனையில் அளந்து தரும் பால் வேறு; தாய்ப்பால் நிறைந்திருக்கும்போதே அதை நிறுத்தச்சொல்லி விற்கும் பால் வேறு.

அந்த உரை மறக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது. 1981-இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கான நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிராக விழுந்த ஒரே வாக்கு அமெரிக்காவினது. இந்தியா இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது 1992-இல், வில்லியம்ஸ் மறைந்த அதே ஆண்டில்.

போர்க்காலத்தில் அவருக்கு என்ன நேர்ந்தது?

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். இரகசியக் காவல்துறையான கெம்பெய்தாய் அவரைத் தனியே கொண்டுபோய், நெருக்கமான கூண்டில் பல மாதங்கள் வைத்திருந்தது. விடுதலையானபோது அவரும் வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயால் அவதியுற்றிருந்தார். சிறைக்குள்ளும் மருத்துவராகவே இருந்தார். முகாமில் பிறந்த 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பாலே கொடுக்கச் செய்ததையும், 20 பேருமே பிழைத்ததையும் பின்னர் அவர் அறிக்கையாக எழுதினார்.

உலக சுகாதார நிறுவனத்தில் அவர் என்ன செய்தார்?

1948-இல் ஜெனீவாவில் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். அலுவலக மேசை அவருக்கு ஒத்துவரவில்லை. நெடுங்காலம் அங்கே இருக்கவுமில்லை. 1950-களின் தொடக்கத்தில் சொந்த ஊரான ஜமைக்காவில், குழந்தைகள் திடீரென வாந்தியெடுத்து இறக்கும் நோயை ஆராயச் சென்றார். பழுக்காத அக்கீ காய்க்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருந்தது. அந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்கா சென்றது. பிறகு பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தொண்ணூறு வயதை நெருங்கியபோதும் பல நாடுகளுக்கும் சென்று பேசிக்கொண்டிருந்தார்.

'குவாஷியோர்கர் என்றால் புரதக் குறைபாடு' என்பது இன்றும் சரியா?

பாடப்புத்தகம் சொல்லுமளவுக்கு உறுதியாக இன்று யாரும் சொல்வதில்லை. 1950-களிலும் 60-களிலும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் உலகப் பசியைப் புரதப் பற்றாக்குறையாகவே கண்டு, புரதச் செறிவான உணவுகளைத் தயாரிப்பதில் பெரும்பொருளைச் செலவிட்டன. 1974-இல் டொனால்டு மெக்லாரன் அதை ஒரு பெருந்தோல்வி என்றே 'லான்செட்'டில் எழுதினார்.

அதற்கு முன்பே ஐயம் எழுப்பியவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூர் ஆய்வகத்தில் தொடங்கி, அது ஐதராபாத்துக்கு மாறிய பின்னும் அங்கே ஆராய்ந்தவர். ஒரே வகை உணவை உண்ட குழந்தைகளில் சிலருக்குக் குவாஷியோர்கரும் சிலருக்கு வீக்கமின்றி உடல் வற்றிப்போகும் மராஸ்மஸும் வருவதைக் காட்டி, வேறுபாடு தட்டில் இல்லை, உடல் அந்தக் குறைவுக்கு ஈடுகொடுக்கும் விதத்தில் இருக்கிறது என்று 1968-இல் வாதிட்டார். மலாவியில் 317 இணை இரட்டைக் குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஒரே வீட்டில், ஒரே உணவில் வளர்ந்தும் இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதற்குக் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் காரணம் என்று அது காட்டியது. தொற்றும் கழிச்சலும் ஊட்டமின்மையும் பின்னிக்கொண்ட நோய் இது. தட்டம்மை கண்ட பிறகு வீங்கும் குழந்தைகள் ஏராளம்.

வில்லியம்ஸ் தம் முதிர்ந்த வயதில் புரத விவாதத்தைவிட, குழந்தை வாழும் சூழலைப் பற்றித்தான் அதிகம் பேசினார். 'புரதக் குறைபாடு' என்று ஒற்றை வரியில் எழுதியபோது கா தாய்மாரின் சொல்லில் இருந்த பாதிப் பொருளைப் பாடநூல்கள் உதிர்த்துவிட்டன என்பது என் கருத்து. அந்தச் சொல்லில் சத்தின் பெயர் இல்லை. தாய் இருக்கிறாள், அடுத்த குழந்தை இருக்கிறது, இரண்டு பிறப்புக்கும் நடுவில் போதாத இடைவெளி இருக்கிறது. வில்லியம்ஸ் பின்னாளில் பிரிட்டனின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்குப் பணியாற்றியதற்கும் அக்ராவில் கேட்ட அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை என்று நான் நினைக்கவில்லை.

இன்று இந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை தரப்படுகிறது?

இரண்டு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால், எடை எவ்வளவு இருந்தாலும் அது கடுமையான ஊட்டமின்மை என்றே கொள்ளப்படும். முதல் நாட்களில் வயிறு நிறைய ஊட்டக் கூடாது. புரதமும் உப்பும் குறைந்த, 100 மில்லிலிட்டருக்கு 75 கிலோ கலோரி தரும் எஃப்-75 என்னும் பாலைச் சிறிது சிறிதாக இரவும் பகலும் கொடுத்து, உடற்சூட்டையும் இரத்தச் சர்க்கரையையும் காத்து, தொற்றுக்கு மருந்து தர வேண்டும். வீக்கம் வடிந்து பசியெடுத்த பிறகே செறிவான உணவு. 1990-களில் உருவான, நிலக்கடலை விழுதில் பால்தூளும் எண்ணெயும் சர்க்கரையும் சத்துக்களும் கலந்த பொட்டலம் இதை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கிலோ கலோரி; தண்ணீர் கலக்க வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம், குழந்தை தானே பிழிந்து சப்பிச் சாப்பிடலாம். புட்டிப் பாலில் வில்லியம்ஸ் அஞ்சிய அசுத்தத் தண்ணீருக்கு இதில் இடமே இல்லை. ஆனால் வீங்கிய குழந்தைக்குக் காய்ச்சலோ பசியின்மையோ இருந்தால் மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும்.

அவர் பணிபுரிந்த மருத்துவமனை இப்போது இருக்கிறதா?

இருக்கிறது. பழைய அக்ராவில் அதே பிரின்சஸ் மேரி லூயிஸ் பெயரோடு குழந்தைகளுக்கான மருத்துவமனையாகவே இயங்குகிறது. ஊரார் 'சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிடல்' என்றே சொல்கிறார்கள். ஊட்டமின்மைக்கென்று அங்கே இன்றும் தனிப் பிரிவு உண்டு.